நடக்கத் தெரியாதவர் பாடிய என் பாட்டு

இன்றும் அந்தப் பாட்டு எங்காவது டிரம் சத்தத்தோடு கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் நான் கோரஸ் பாடிக்கொண்டிருந்தேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி செருப்பில்லாமல் அண்ணாமலையைச் சுற்றுவேன். அப்படி நடக்கும்போதுதான் எனக்குப் பாட்டு வரும். வலது காலுக்கு ஒரு சொல், இடது காலுக்கு ஒரு சொல். கிரிவலத்தில் யாரும் ஓடுவதில்லை; என் பாட்டும் ஓடாது. ஏழு பாட்டு சேர்ந்ததும் குழுத் தலைவரிடம் பாடிக் காட்டினேன்.

"நல்லாருக்குதும்மா, பாத்துக்கலாம்" என்றார்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். எண்பதுகள் தொடங்கி, ஒரு கார்த்திகை தீபத்துக்கு முன்னால் என் ஏழு பாட்டோடு கேசட் வந்தது. பாடல், இசை, குரல் எல்லாம் அவரே. கோரஸுக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை. கேசட் கடையில் அவரைப் பிடித்து, இது என் பாட்டில்லையா என்று கேட்டேன்.

"டிரம் போட்டு, ஸ்பீடு ஜாஸ்தி பண்ணி, எல்லாத்தையும் மாத்திட்டேன். அப்புறம் எப்படி அது உன் பாட்டு?" என்றார், நாலு பேர் பார்க்க.

நான் அழவில்லை. இந்த ஆளை விடக்கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

அவர் மலையைக் காரில் சுற்றுபவர். அவர் போட்ட வேகத்துக்கு நடந்தால் பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலை வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

செங்கம் ரோட்டில் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் நல்ல டேப் ரெக்கார்டர் இருந்தது. அவள் அறையில் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து ஏழு பாட்டையும் மறுபடி பாடினேன். அவர் சேர்த்ததையெல்லாம் தூக்கிப் போட்டேன். நான் எழுதியதிலும் ஆடம்பரமான வரிகளை வெட்டினேன். குரலும் ஒரு ஜோடி ஜால்ராவும்தான் மிச்சம். என் கேசட் அட்டையின் பின்பக்கம், 'இந்தப் பாடல்களை முன்பு பாடியவருக்கு நடக்கத் தெரியாது' என்று அச்சடிக்கச் சொன்னேன்.

"வேணாம்மா, வம்பு" என்றார் கேசட் கடைக்காரர்.

வம்புக்குத்தான் போடுகிறேன் என்றேன்.

ஒரே வருடத்தில் கிரிவலப் பாதைக் கடைகளிலெல்லாம் என் கேசட் ஓடியது. அடுத்த தீபத்தன்று மதியம் அடி அண்ணாமலையில் அவர் கச்சேரி. என் பாட்டையே எடுத்தார். நடந்துபோன ஜனம் கூடச் சேர்ந்து பாடியது, என் நிதானத்தில். அவர் கையை ஆட்டி டிரம்மை விரட்டினார். கூட்டம் மசியவில்லை. கடைசியில் டிரம்காரரே கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். ஒரு வரி முன்னால் போய்த் தலைவர் மட்டும் தனியாக நின்றார். கூட்டத்தில் நின்ற எனக்கு வயிறு குளிர்ந்தது.

பத்து நாள் கழித்து வீட்டுக்கே வந்தார். "உன் மெட்டுலயே பாடறேம்மா. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

"முதல்ல செருப்பில்லாம ஒரு சுத்து நடங்க சார். அப்புறம் சொல்றேன்."

நடந்தார். விடிந்ததும் கிளம்பி, முழு மலையையும். ஏழு பாட்டையும் பாடிக்கொண்டு பின்னாலேயே போனேன். பாதி வழியில் அவர் கால் என் தாளத்துக்குப் பழகிவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தபோது பாதமெல்லாம் கொப்புளம், கண் கலங்கியிருந்தது.

"இப்பதாம்மா புரியுது. இனிமே பாடலாமா?"

"என் பாட்டு எதுக்குங்க? நீங்களே நடந்துட்டீங்கல்ல, உங்களுக்குன்னு ஒண்ணு வந்திருக்கும். அதைப் பாடுங்க."

அவருக்கு ஒன்றும் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.