கல் என்றால் நேற்றா, நாளையா?

முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பந்து கையிலேயே இருந்தது, நான் தரையில் கிடந்தேன். இந்திய நெட்பால் அணியின் கடைசிப் பயிற்சி முகாம் அது. வெளிநாட்டுப் போட்டிக்குப் பெட்டி கூடக் கட்டியாகிவிட்டது.

நெட்பாலில் பந்தோடு ஓட முடியாது. தாவிப் பிடித்து, ஒரு காலில் இறங்கி, மூன்று விநாடிக்குள் பந்தை விட்டாக வேண்டும். நான் இறங்குவது இடது காலில். ஆறு வருடம் இந்திய ஜெர்சியில் என்னைத் தாங்கிய கால் அது.

சென்னை டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். ஏ.சி.எல். (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் பிடித்துவைக்கும் நார்) முழுதாக அறுந்திருந்தது.

"மறுபடி ஆடுவேனா சார்?"

"கால் ஆடும்மா. நீங்க அதை நம்பணும், அதுதான் கஷ்டம்."

எனக்குக் கோபம் வந்தது. என் காலை நான் நம்பாமல் யார் நம்புவார்கள்?

புது நார் பொருத்தும் அறுவைச் சிகிச்சை முடிந்து அந்தமானில், பாம்பூஃப்ளாட் வீட்டுக்குத் திரும்பினேன். வாரம் இருமுறை ஃபெர்ரியில் (பயணிகள் படகு) அக்கரையிலிருக்கும் சாத்தம் தீவுக்குப் போய், அங்கிருந்து பிசியோதெரபிக்கு (அசைவுப் பயிற்சி சிகிச்சை). எட்டு மாதத்தில் ஓடினேன், குந்தினேன், படியேறினேன். ஆனால் முக்காலியிலிருந்து குதிக்கச் சொன்னால் வலது கால்தான் முந்திக்கொண்டு இறங்கும். உங்களுக்கும் இதே அறுவை ஆகியிருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: வலி போன பிறகுதான் பயம் வரும். வந்தால் நீங்கள் கோழை என்று அர்த்தமில்லை. நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

ஒரு மாலை, பிசியோ ரீனா மேடம் போன் செய்தார். வங்காளி, எங்களோடு ஹிந்திதான். அம்மா எடுத்தார். அம்மா ராமநாதபுரத்திலிருந்து இங்கே மருமகளாக வந்தவர். அவருடைய ஹிந்தி மீன் வாங்கப் போதும், அதற்கு மேல் திண்டாட்டம்.

"உன் ஸ்கேன் ரிப்போர்ட்டை நாளைக்குப் பாக்குறாங்களாம். காலைல போகணும்."

மறுநாள் அவசர அவசரமாகப் படகுத்துறைக்கு ஓடினோம். அம்மா முதலில் ஏறிவிட்டார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே ஃபெர்ரிக்காரர் கத்தினார்: "தீதி, ஜல்தி!" அக்கா, சீக்கிரம் என்று.

"ஏறுடீ!" என்றார் அம்மா.

தாவினேன். தளம் காலில் பட்டது, நின்றேன். அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். இடது கால்.

"என்னடீ, வலிக்குதா?"

"இல்லம்மா. பேசாம இரு." சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ரீனா மேடம் எங்களைப் பார்த்து விழித்தார். "ஆஜ் க்யூன் ஆயே?" இன்றைக்கு ஏன் வந்தீர்கள் என்று.

அவர் போனில் சொன்னது, "கல் தேக்கா, டீக் ஹை." நேற்றே பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. ஹிந்தியில் நேற்றுக்கும் 'கல்', நாளைக்கும் 'கல்'. வினைச்சொல்லின் வாலைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அம்மா எப்போதும் வாலை விட்டுவிடுவார்.

ஃபெர்ரியில் நடந்ததைச் சொன்னேன். மேடம் முக்காலியை இழுத்துப் போட்டார். "ஃபிர் ஸே." இன்னொரு தடவை. குதித்தேன், இடது காலில்.

அடுத்த வருடம் மறுபடி இந்திய ஜெர்சி கிடைத்தது. முதல் ஆட்டத்துக்கு முன் அம்மா போனில் கேட்டார்: "மேட்ச் எப்போடீ?"

"கல்."

"உதை வாங்குவ."

அந்த ஆட்டத்தில் முதல் பந்தைத் தாவிப் பிடித்து இடது காலில்தான் இறங்கினேன். முன்பெல்லாம் மூன்று விநாடி போதவே போதாது, பதறிப்போய் எறிவேன். அன்று முழங்காலுக்குள் புது நார் இறுகப் பிடித்ததை உணர்ந்தேன். யார் எங்கே நிற்கிறார்கள் என்று நிதானமாகப் பார்த்தேன். எறிந்த பிறகும் நேரம் மிச்சமிருந்தது.