பட்டை மேட்டுச் சறுக்கல்

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றுவிட்ட நான் எழுத உட்கார்ந்ததே அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று எங்கள் ஷூ கம்பெனிக்கு வந்த சாம்பிள் தோலில், இப்போது அபூர்வமாகிவிட்ட மரப்பட்டை வாசனை அடித்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆம்பூரில் எங்கள் தெருக்கோடி டேனரியில், தோல் பதனிட்டுச் சாறு போன பட்டையைப் பின்பக்கம் கொட்டிக் கொட்டியே ஒரு மேடு எழும்பியிருந்தது; ஒவ்வொரு வண்டியும் ஒரு திட்டை விட்டுப்போனதால் சரிவெல்லாம் கரடுமுரடாக இருக்கும். ராத்திரி ஷிப்ட் விளக்கின் வெளிச்சம் இருக்கும்வரை, விறைத்த தோல் துண்டை அடியில் போட்டு, அதன் முனையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சறுக்குவோம். ஈரப் பட்டை வழுக்கிக்கொண்டு போகும், ஒவ்வொரு திட்டிலும் உடம்பு எகிறி விழுந்து பல் கடகடக்கும். நான் மட்டும் திட்டில்லாத ஓரமாகவே இறங்குவேன்.

"நாளைக்கு மேட்டை அள்றாங்களாம். இன்னிக்காச்சும் நடுவுல வருவியாடி, இல்ல ஓரத்துலயே ஊர்ந்துட்டுப் போவியா?" என்று ஒரு ராத்திரி கீழேயிருந்து கத்தினாள் பக்கத்து வீட்டு ஷாகிரா.

நடுவில் உட்கார்ந்து காலால் உந்தினேன். முதல் திட்டைத் தொடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாக மோதிய திட்டுகளை முட்டியை மடக்கி வாங்கிக்கொண்டு, விழாமல் அவள் காலடியில் வந்து நின்றேன்.

"ஓரமாத்தானே வந்தே?"

"நடுவுலதான்டி."

"யாரு பாத்தா? நாளைக்கு லாரி வர்றதுக்குள்ள இன்னொரு தபா வந்து காட்டு, ஒத்துக்கறேன்."

மறுநாள் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள், செங்கல் சூளை லாரிகள் பட்டையை எரிக்க அள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தன.