குழாய்க்காரர் முடுக்கிய சக்கரம்

குழாய்க்காரர் முடுக்கிய நட்டைக் கழற்றுவது லேசுப்பட்ட காரியமல்ல என்று தெருவில் பேச்சு. முடுக்கி முடித்த பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அரைச் சுற்று போடுவார். அவர் கை வைத்த குழாய் ஒழுகியதாகச் சரித்திரமே கிடையாது. அந்தக் கைக்கு வேறு பழக்கமும் கிடையாது.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயின. வாராவாரம் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அந்தப் பழைய கார் ஒன்றுதான் இருந்தது. அதன் முன்சக்கரங்கள் உறுமத் தொடங்கின. பேரிங் தேய்ந்துவிட்டது. உதிரிபாகக் கடைக்காரர் புதியதைக் கொடுத்து, "முடுக்கிட்டு அப்புறம் கொஞ்சம் தளர்த்தி விடுங்கண்ணே, சக்கரம் லேசா சுத்தணும்" என்றார். நட்டைப் பற்றித் தனக்கே பாடமா என்று இவர் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்.

வாசலில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். பழைய பேரிங்குகளைத் தட்டி எடுத்தார். இருந்த இடத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, புதியவற்றில் உள்ளங்கையால் கிரீஸ் அப்பி உட்கார வைத்தார். வேலை படு சுத்தம். கடைசியில் அந்த அரைச் சுற்றையும் போட்டார்.

மறுநாள் கார் உறுமவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பாதி வழியில் மனைவி இடக்கையால் தன் பக்கக் கதவைத் தட்டினாள். தண்ணீரா என்று கேட்டார், கண்ணாடியை இறக்கிவிட்டார். மறுபடியும் தட்டினாள்.

"கொஞ்ச நேரம் சும்மா இரேம்மா" என்று அதட்டினார்.

பேச்சுப் போனவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது என்று எப்போது முடிவு கட்டினாரோ, அவருக்கே தெரியாது. டாக்டர் அவளைப் பற்றி அவரிடம் கேட்பார். மகளும் போனில் அவரிடம்தான் கேட்பாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிப் பழகிவிட்டார். அவள் அறிவில் ஒரு குறையும் இல்லை. கேட்கத்தான் நாதியில்லை.

அவள் விடவில்லை. விரல் முட்டி சிவக்க, கண்ணீர் வழியத் தட்டினாள். எரிச்சலோடு ஓரங்கட்டி இறங்கியவர் காந்தல் வாடையில் அப்படியே நின்றார். அவள் பக்கத்துச் சக்கரம் புகைந்துகொண்டிருந்தது. இறுக்கம் தாங்காமல் பேரிங் சூடேறி, கிரீஸ் உருகி வழிந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் பேரிங் நொறுங்கி, அந்தச் சக்கரமே கழன்று ஓடியிருக்கும். தன் கையாலேயே அவளைக் கொன்றிருப்பேனே என்று சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதார்.

திரும்பவும் பேரிங் வாங்கி வந்த அன்று, அவளை நாற்காலியோடு தூக்கிவந்து சக்கரத்தருகே உட்கார வைத்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தார். மாட்டி முடுக்கும்போது கை தானாக அந்த அரைச் சுற்றுக்குப் போயிற்று. நிறுத்தினார். கொஞ்சம் தளர்த்தினார்.

"நீ சொல்லும்மா, இது போதுமா?"

அவள் அவரையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு இடக்கையை நீட்டிச் சக்கரத்தைச் சுழற்றி, இல்லை என்று தலையாட்டினாள். போதும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனாலும் வாதாடாமல் இன்னும் ஒரு இழை தளர்த்தினார்.

மறுபடியும் சுழற்றினாள். சக்கரம் சுற்றி ஓயும்வரை குனிந்து காது கொடுத்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று ஸ்பானரும் கையுமாக அவர் காத்திருந்தார்.