வைத்தியநாதன் பூசிய அழுக்கு

ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பது வைத்தியநாதனின் உத்தியோகம். துருவைச் சுரண்டி, கறையைத் தேய்த்து, கிழடு தட்டிய பெட்டியைப் புதுமாப்பிள்ளையாக்கி அனுப்பிவைப்பார். சாயங்காலம் ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் போதும், நேர்மாறான வேலை ஆரம்பமாகிவிடும். சாப்பாட்டு மேசையில் நின்றிருந்த ஒரு குட்டிக் கட்டடத்துக்கு அழுக்கும் பாசியும் மழைக்கறையும் பார்த்துப் பார்த்துப் பூசுவார்.

அது ஒரு பழைய கற்கட்டடச் சரக்குக் கொட்டகையின் மாதிரி. பெரிய பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். பிளாஸ்டர் சுவரில் ஊசியால் கல் கல்லாகக் கீறியிருந்தார். ஒரு கல் சாம்பல் நிறம், பக்கத்துக் கல் ஆறிப்போன டீயின் நிறம், அதற்கடுத்தது மங்கிய செங்கல். எல்லாம் எனாமல் பெயின்ட். காய்ந்ததும், டர்பன்டைனில் தண்ணியாகக் கரைத்த கறுப்பைச் சுவர் முழுக்க ஓடவிட்டுத் துணியால் ஒற்றி எடுப்பார். கல்லின் முகம் வெளுக்கும், இடுக்கில் கறுப்பு தங்கும். சுவருக்கு ஒரே சாயங்காலத்தில் நூறு வயது ஏறிவிடும்.

மழை வந்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும். இவர் குடையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார், காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்க்க. போனவர் திரும்பாவிட்டால் மனைவி சகுந்தலா போய் இழுத்துக்கொண்டு வருவாள்.

"மத்த ஆம்பளைங்க சினிமா போஸ்டர வாயப் பொளந்து பாப்பாங்க. என் வீட்டுக்காரர் போஸ்டர் ஒட்டாத சுவத்தப் பாக்கறார். எந்தக் கோயில்ல போய் முறையிட?"

கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் ரோகிணி ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளும் சேர்ந்துகொள்வாள். "டாடி, எங்க ஆபீஸ் கண்ணாடிச் சுவத்துல ஒரு விரல் ரேகை விழுந்தாலே தொடைக்க ஆள் ஓடி வருவாங்க. நீங்க உக்காந்து அழுக்கு தயார் பண்றீங்க!"

அந்த அழுக்கு லேசுப்பட்டது அல்ல. மொட்டை மாடியில் கட்டடத்தைக் காயவைத்திருந்த ஒரு நாள், குவார்ட்டர்ஸ் நாய் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு, நிஜச் சுவர்தான் என்று தீர்மானித்துப் பின்னங்காலைத் தூக்கிவிட்டது. சகுந்தலா போட்ட கூச்சலில் மௌலாலி வரை காக்கைகள் பறந்தன. வைத்தியநாதனோ கல்யாண வீட்டுச் சந்தோஷத்தில் இருந்தார். "நாயே ஏமாந்துடுச்சு, சகுந்தலா!"

அந்த வருஷம் குவார்ட்டர்ஸ் மண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள். பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார், அவருக்குப் பிடித்தால் கொட்டகை அந்தப் பெட்டியில் குடியேறும், செய்தவர் பெயர் பித்தளைத் தகட்டில் ஏறும் என்று பேச்சு. வைத்தியநாதன் பெயின்ட் அடித்த பெட்டிகள் காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றிலாவது அவர் பெயர் உண்டா? ரிட்டயர் ஆகவும் சில மாதங்கள்தான். அந்தத் தகடு வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. முதல் நாளே கொட்டகையை மண்டபத்து மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை சலவைச் சட்டையோடு போய்ப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கொட்டகை வெள்ளைவெளேர் என்று கண்ணைப் பறித்தது. அடியில் காவிப் பட்டை வேறு.

பெரிய அதிகாரி வருகிறார் என்றால் ரயில்வேயில் அசையாத எதற்கும் தப்பிக்க வழியில்லை. மரத்தடி, பூந்தொட்டி, பாதையோரக் கல் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். அன்றைக்குச் சுண்ணாம்பு ஆட்களின் மேஸ்திரி முகமது யூசுப். ஆம்பூர்க்காரர், ஹைதராபாத்தில் ஊறிப்போனவர், பேச்சில் அந்த ஊர் உருது எட்டிப்பார்க்கும்.

"பாய், இது யார் வேலை?"

"நம்ம வேலதான் அண்ணே!" யூசுப் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க கல்லு இருந்தாலும் அடின்னு ஆர்டர். எல்லாம் முடிச்சிட்டு வந்து பாத்தா, இங்க ஒரு குட்டிக் கட்டடம் ஒரே அழுக்கா கெடக்கு. சின்ன பிரஷ்ஷால நானே அடிச்சேன். காவி பார்டர் பாத்தீங்களா? மூச்ச அடக்கி இழுத்தது!"

"அது அழுக்கு இல்ல பாய். நான் அடிச்ச பெயின்ட்."

"அழுக்க யாராச்சும் பெயின்டால அடிப்பாங்களா? கைக்கு அண்ணே, எதுக்கு?"

வைத்தியநாதன் நாற்காலியில் சரிந்தார். பின்னாலேயே வந்த சகுந்தலா விஷயத்தைக் கேட்டு யூசுப்பை ஒரு பார்வை பார்த்தாள். சுண்ணாம்பு வாளி தானாகப் பின்வாங்கியது.

வைத்தியநாதன் வெறுப்போடு கொட்டகைச் சுவரை நகத்தால் சுரண்டினார். எனாமல் மேல் ஒட்டாத சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. ஆனால் கல் இடுக்கில் மட்டும் வெள்ளையாகத் தங்கியது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒவ்வொரு அதிகாரி வரும்போதும் அடித்த சுண்ணாம்பு, ஒவ்வொரு மழையிலும் கரைந்தது போக மிச்சம். எந்த ரயில்வே சுவர் இப்படி இல்லை?

"பாய், ஒரு மக் தண்ணி!"

"நக்கோ அண்ணே, வேணாம், ஈரம் பட்டா எல்லாம் போயிடும்!"

"போகத்தான் வேணும்."

ஸ்பாஞ்சை நனைத்து, மழை இறங்கும் வழியிலேயே இறக்கினார். சன்னல் பக்கம் கை போனபோது சகுந்தலா தடுத்தாள். "சன்ஷேடுக்குக் கீழ தண்ணி படாது. அங்க வெள்ளையாவே இருக்கட்டும்."

வைத்தியநாதன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இதெல்லாம் நீ எப்பப் பாத்தே?"

"உங்கள இழுத்துட்டு வர்றப்பல்லாம் நானும் அந்தச் சுவத்துக்கு எதிர்லதானே நின்னேன்?"

மண்டபத்து மின்விசிறியை முழுசாகச் சுழலவிட்டுக் காயவைத்தார்கள்.

அதிகாரி வந்தார். குனிந்தார். பக்கத்திலிருந்த இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "இது எந்த ஸ்டேஷன்? ஒரே மழையில இப்படி உரிஞ்சிருக்கு, என்ன சுண்ணாம்பு அடிச்சீங்க?" இன்ஜினியருக்கு வியர்த்துக் கொட்டியது. பிறகு அதிகாரியே வயிறு குலுங்கச் சிரித்தார். "காவி பார்டர் வரைக்கும் சரியா இருக்கய்யா! பெட்டிக்குள்ள வைங்க."

தகடு வந்தது. மேலே 'வைத்தியநாதன்' என்று பெரிதாக. கீழே, வைத்தியநாதன் கேட்டுச் சேர்த்த வரி: 'சுண்ணாம்பு: முகமது யூசுப்'.

"கெடுத்தவன் பேரு கைக்கு அண்ணே?" யூசுப் குனிந்து தன் பெயரை மறுபடி வாசித்தார்.

"நீங்க அடிக்கலேன்னா அது ரயில்வே கட்டடமே இல்ல பாய்."

"அப்ப சன்ஷேடு?" என்றாள் சகுந்தலா.

வைத்தியநாதன் தலையைச் சொறிந்தார். தகட்டில் இடமில்லை. அவள் முந்தானையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள், அவர் பெயருக்கு நேரே மட்டும்.