அம்மா வரைந்த கடல்

நேற்று மலாக்காவில் ஒரு பாத்திக் துணிக்கடையைக் கடக்கையில் வந்த உருகும் மெழுகின் வாசம், பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், இன்று வரிசை வீடுகள் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் மண்டபத்துக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. ஞாயிறுதோறும் அங்கே பாத்திக் வகுப்பு நடக்கும். பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டிய கையோடு வந்த பெண்களும் எங்களைப் போன்ற பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து, சூடான மெழுகால் துணியில் கோடு இழுப்போம். எல்லோரும் பூ வரைந்த ஒரு நாளில் அம்மா மட்டும் துணி முழுக்க நீலம் பூசினாள்.

"என்ன அண்ணி, பூவக் காணோம்?" என்று பக்கத்து வீட்டுச் செல்வி அத்தை சிரித்தார்.

"இது கடலு லா, செல்வி. நான் பாத்ததே இல்ல. மனசுல உள்ளதப் போட்டேன்."

எங்களை அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற அப்பா அதைக் கேட்டார். அடுத்த ஞாயிறு எங்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளேபாங் கடற்கரையில் இறக்கினார். அம்மா கைலியைத் தூக்கிப் பிடித்தபடி அந்தக் கலங்கிய நீரில் வெகுநேரம் நின்றாள்.

"நீலமே இல்லீங்களே," என்றாள்.

அப்பாவின் முகம் வாடியது. அம்மா சிரித்தாள். "பரவால்லங்க. நீலக் கடலு நம்ம வீட்டுல இருக்கு."

அன்று மாலையே அப்பா ஆணி அடித்து, அந்தத் துணியைச் சுவரில் மாட்டினார்.