ஜெபாவின் மீன்கடை

குழந்தைகள் வார்டுக்குள் வந்ததும் ஜெபா தரையில் உட்கார்ந்துவிடுவாள். நாற்பதைத் தாண்டிய கனத்த உடம்பு, முழங்கால் முனகும். “ஒசரத்துலேர்ந்து பேசுனா புள்ளைங்களுக்கு நாமளும் டாக்டருதான்” என்பாள்.

கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டுக்கு வருகிற அவளுக்கு ஆஸ்பத்திரிப் பிள்ளைகளோடு விளையாடுவதுதான் உத்தியோகம். அதற்கென்று படித்திருக்கிறாள், சம்பளம் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் இன்னும் நம்பவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் பீச்சுவாள், துணிப் பொம்மைக்கு மாவுக்கட்டுப் போடுவாள், லூடோவில் தோற்று, “பேஜாரு பண்ணிட்டியே நைனா!” என்று தலையில் கைவைப்பாள். ஆனால் எந்தப் பிள்ளையிடமும் ‘வலிக்காது’ என்று மட்டும் சொல்லமாட்டாள்.

தமிழரசி மாமல்லபுரத்தை அடுத்த மீனவக் குப்பத்துப் பிள்ளை. ஏழு வயது. கொதிக்கிற குழம்பு கவிழ்ந்து வலது புறங்கை வெந்திருந்தது. புண் ஆறத் தொடங்கியும் விரல்களை மடக்கி, கையை மார்போடு ஒட்டிவைத்திருந்தாள். நீட்டிப் பழகாவிட்டால் விரல்கள் அப்படியே இறுகிவிடும் என்றார் டாக்டர். கட்டுப் பிரிக்க யார் வந்தாலும் அவள் அலறலில் வார்டே அதிரும். அவள் அம்மா செங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிடுவாள்.

ஜெபா தமிழரசியிடம் போய்ப் பேசவில்லை. கட்டிலுக்கு அருகே விரிப்பைப் போட்டு, ரப்பர் மீன்களைப் பரப்பிக் கூவினாள்: “வஞ்சிரம்! வஞ்சிரம்!”

கட்டில் விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. “அது வஞ்சிரம் இல்ல, சங்கரா. செவப்பா கீதுல்ல?”

“அப்ப இது இன்னா?”

“ஐயே! அது மீனே இல்ல, திமிங்கலம்!”

“எனக்கு விக்கத் தெரியலம்மா. நீ வந்து வியேன்.”

மறுநாள்தான் இறங்கி வந்தாள். எல்லாவற்றையும் இடக்கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். ஜெபாவோ இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய பெரிய மீனையே திரும்பத் திரும்பக் கேட்டாள். வியாபாரச் சூட்டில் வலக்கை மார்பை விட்டு வந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து மீனைப் பிடித்தன.

அப்போது கட்டுப் பிரிக்க நர்ஸ் செல்வராஜ் மருந்துத் தட்டோடு வந்தார்.

“வலிக்குமாக்கா?”

“வலிக்கும். நீ நிறுத்துன்னா அண்ணன் நிறுத்துவாரு.”

இடையிடையே நிறுத்தச் சொன்னாள். அழுதாள். அலறவில்லை. அன்றைக்குச் செங்கம்மாள் வராந்தாவுக்கு ஓடாமல் மகள் பக்கத்திலேயே நின்றாள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஜெபா பையைத் தோளில் மாட்டினாள்.

“எங்க போற? நா வித்துகினு கீறேன், நீ ஆஞ்சி குடு. ஒரு செதிலு இருக்கக் கூடாது.”

ஜெபா பையை இறக்கினாள். உள்ளே துழாவிச் சீப்பை எடுத்து, ரப்பர் மீனை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டத் தொடங்கினாள்.