எண்ணெய் உறையும் ஊர்

ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தையே வேறு ஊருக்குக் கொண்டுபோக முடிவெடுத்த ஆள் நான். குடிதண்ணீர் பார்த்துக் குடிபோனவர்கள் உண்டு, பள்ளிக்கூடம் பார்த்துப் போனவர்கள் உண்டு. எண்ணெய் பார்த்துப் போகத் துணிந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். பச்சைமலை மேல் ஒரு மண்வீட்டு மாடக்குழியில், பகல் பன்னிரண்டு மணிக்கு, அது வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது. பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. இதுதான்டா நம்ம ஊர் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். அப்போதே எனக்குத் தலைக்கு மேலே முடி குறைவு. தலைக்கு உள்ளேயும் நிலைமை அப்படித்தான் என்பது அடுத்த வாரம் தெரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம். அரியலூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையோரம் குடியிருந்தோம். காலையில் கழுவிக் கவிழ்த்த டம்ளரின் மேல் பத்து மணிக்கு விரலால் பெயர் எழுதலாம். நான் எழுதியும் இருக்கிறேன். பிள்ளைகளைவிட என் கையெழுத்து மோசம் என்று மனைவி சொல்லுவாள்.

அவளுக்கு இழுப்பு இருந்தது. கல்யாணமாகி வந்தபோது இல்லை, மூன்றாம் வருஷம் இருமலாக வந்தது, பிறகு போகவே இல்லை. படுத்தால் மூச்சு வராது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கத்துவதுபோலச் சத்தம் வரும். அந்தச் சத்தம் நிற்கிற வரைக்கும் நான் ஏதாவது ஜோக் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் கையை ஆட்டி, போதும் என்பாள். ஜோக்கைச் சொல்கிறாளா இழுப்பைச் சொல்கிறாளா என்று நான் கேட்டதில்லை.

டாக்டர் ஒருநாள் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார்.

"தூசி இல்லாத எடமாப் பாத்துப் போயிடுங்க சார். இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருந்தீங்கன்னா, அப்பறம் எங்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

தூசி இல்லாத இடம். அவர் சொன்னது அவ்வளவுதான். வீடு வந்து சேர்வதற்குள் அதை நான் 'தூசி இல்லாத, குளிர்ச்சியான இடம்' ஆக்கிவிட்டேன். அப்போது நான் தொண்ணூறு கிலோ. சித்திரை மாதத்தில் நான் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அடுத்தவர் துண்டு போட்டுத்தான் உட்காருவார். குளிர் வேண்டியிருந்தது எனக்கு. டாக்டர் பேரில் அதைச் சேர்த்துவிட்டேன்.

"கீழப்பழுவூர்ப் பக்கம் எங்கம்மா ஊர்ல ஒரு வாத்தியார் எடம் காலியா இருக்குதாம்ங்க. அங்க லாரி கெடையாது" என்றாள் மனைவி.

அங்கேயும் அதே வெயில்தான். கூடவே மாமியாரும் இருந்தார். "பாக்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு முடியாது என்று பொருள்.

ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் என் சம்பளத்துக்கு எட்டாது. அங்கே போனால் ஒரு ஸ்வெட்டருக்குள்தான் குடியிருக்க முடியும். அப்போதுதான் வேப்பந்தட்டைக்கு மேற்கே பச்சைமலையில் ஓராசிரியர் பள்ளி ஒன்று ஆளில்லாமல் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். பள்ளியை ஒட்டியே வீடு, வாடகை கிடையாது. விறகு சும்மா, மரவள்ளிக் கிழங்கு சும்மா, பலாப்பழம் சும்மா. நான் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு உலகத்தில் பொருத்தமான ஊர் அது ஒன்றுதான் என்று தோன்றியது.

பெரம்பலூரில் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். மற்ற இடங்களுக்கு மாறுதல் கேட்டால் செருப்புத் தேய நடக்கவேண்டும். இதைக் கேட்டதும் கிளார்க் எழுந்தே நின்றுவிட்டார்.

"மலைக்கா கேக்குறீங்க? நெசமாவா சார்?"

"நெசமாத்தான்."

"குடும்பத்தோடயா?"

"ஆமா."

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துருங்க. அடுத்த திங்கக்கிழம சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அன்னைக்கே ஆர்டர் டைப் அடிச்சுடறேன்" என்றார். ஆபீசில் ஒரு வேலை இவ்வளவு சுலபமாக நடக்கிறதென்றால் பயப்படத் தெரிந்திருக்கவேண்டும். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த மலைக்கு மொத்தம் இரண்டே தடவைதான் போயிருக்கிறேன். முதல் தடவை தனியாக. வேப்பந்தட்டை தாண்டி பஸ் நின்ற இடத்திலிருந்து மூன்று மணி நேரம் ஒற்றையடிப் பாதை. பாதி வழியில் எனக்கே மூச்சு முட்டியது. மேலே போனதும் காற்று வந்து முகத்தில் அடித்தது. ஒரு லாரிச் சத்தம் இல்லை. பள்ளிச் சாவியை வைத்திருந்தவர் ஐம்பது வயதுக்காரர், அளந்து பேசுகிறவர். வீட்டைத் திறந்து காட்டினார். எண்ணெயைப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் விட்டுவிட்டுப் போன பாட்டிலாம். அவசரமாகப் போயிருப்பார் போலிருக்கிறது, சீப்பும் கிடந்தது, பெண்கள் வைக்கிற ஹேர்பின் இரண்டும் கிடந்தன. வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். நாலு மாதம் ஒரு கையெழுத்து, ஏழு மாதம் வேறொரு கையெழுத்து, பிறகு வெறும் பக்கங்கள்.

"இவங்கெல்லாம் ஏங்க போயிட்டாங்க?"

"எறங்கிட்டாங்க" என்றார்.

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. பாட்டிலை இன்னொரு தடவை கவிழ்த்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து எண்ணெய்க் கதையை மனைவியிடம் கை கால் ஆட்டிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

"ஆஸ்பத்திரி இருக்குதா?"

"கீழ இருக்கு."

"கீழன்னா எவ்வளவு தூரம்?"

"கீழன்னா கீழதான். எறக்கம்தானே, சல்லுனு வந்துடலாம்."

அவள் ஆய்ந்த கீரையைத் தண்ணீரில் போட்டாள். "ஞாயித்துக்கெழம நானும் வரேன். பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க அந்தக் கிளார்க்குகிட்ட" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். ஏறும்போது நாலு இடத்தில் உட்கார்ந்தாள். ஆனால் பூனைக்குட்டி கத்தவில்லை. வெயில் ஏற ஏற அவள் முகம் தெளிந்தது. "பாத்தியா, பாத்தியா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். எதிரே சுமையோடு இறங்கிவந்த ஒரு பெண் அவளை நிறுத்தி, "எப்பம்மா எறங்குவீங்க?" என்று மட்டும் கேட்டாள். எங்கே போகிறீர்கள் என்று அந்தப் பாதையில் யாரும் கேட்கவில்லை.

சாவிக்காரர் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். அவள் ஒரு தடவை இருமினாள்.

"அம்மாவுக்கு இழுப்புங்களா?"

"லேசா" என்றேன் நான்.

அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு மூங்கில் புதர்ப் பக்கம் போனார்.

நான் மனைவியை உள்ளே அழைத்துப்போய்ப் பாட்டிலை எடுத்து, பொருட்காட்சியில் வித்தை காட்டுகிறவன்போல் கவிழ்த்துக் காட்டினேன். "தலைக்குத் தேய்க்க அடுப்புல வச்சுல்ல காச்சணும்?" என்றாள். அடுத்தாற்போல அந்த ஹேர்பின்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவிக்காரர் இரண்டாள் நீளத்துக்குப் பச்சை மூங்கில் ஒன்றை இழுத்துவந்து வாசலில் போட்டார். கணுக்களைச் சீவினார். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார், ஒரு முனையில் ஒரு சாண் வெட்டித் தள்ளினார்.

"என்ன மனுஷங்க பாத்தியா? நாம குடிவரதுக்கு முன்னாடியே துணி காயப்போடக் கொடிக்கம்பு வெட்டுறாரு. அரியலூர்ல எவன் செய்வான்?" என்று அவள் காதில் சொன்னேன். அவள் சிரித்தாள்.

நாலு மணிக்கு மஞ்சு இறங்கியது. மஞ்சு என்றால் தூரத்தில் அழகாகத் தெரிகிற பனிமூட்டம் என்று நினைத்திருந்தேன். அது வாசல் வழியாக உள்ளே வந்தது. நாங்கள் ஏறிவந்த பாதை முதலில் போனது, பிறகு பள்ளிக்கூடம் போனது. அவள் இருமினாள், மறுபடி இருமினாள், அதன்பின் பூனைக்குட்டி வந்துவிட்டது. அரியலூரில் இத்தனை வருஷத்தில் அது இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கவைத்தேன். ஒரு வீட்டுப் பெண் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்து முதுகைத் தடவினாள். மனைவியின் உதட்டு நிறம் மாறிக்கொண்டு வந்தது. கையை ஆட்டினாள். நான் அப்போது ஜோக் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வெளியே பார்த்தேன். சாவிக்காரர் ஒரு கம்பளியின் இரண்டு முனைகளையும் அந்த மூங்கிலில் கட்டிக்கொண்டிருந்தார். தொட்டில் மாதிரி நடுவில் தொங்கியது. அதில் தன் உடம்பைச் சாய்த்து, தாங்குகிறதா என்று பார்த்தார். யாரும் கூப்பிடாமலே இன்னும் மூன்று பேர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். இருமலைக் கேட்ட நிமிஷமே, ஆளைக் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகக் கம்பு வெட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம் என்று வெந்நீர் கொண்டுவந்தவள் சொன்னாள். மஞ்சு இறங்கிய பிறகு மூங்கில் தேடப் போக முடியாதாம்.

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு வாய் நிற்காது. வாசலுக்கு வந்து, குரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"ஏங்க, தொண்ணூறு கிலோ ஆளு நானு. இந்தக் கம்பு தாங்குமா?"

அவர் கடைசி முடிச்சை இறுக்கினார். என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"உங்களுக்கு இல்லீங்க வாத்தியாரே."